ஈயத்துக்கும் ஊர் உண்டு

அக்டோபர் 5, சனி

இந்த ஊரில் பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். ஸ்விட்சர்லாந்துக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, இப்போதுதான் "ரெகுலா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழுகிறது. அம்மாவைவிடப் பெரியவர். "மேடம்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து வேறு யாரையோ தேடுகிறார்.

இன்று தனியாகப் பனிமலை ரயில் ஏறினேன். உச்சியில் இறங்கினால் ஈரோட்டிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் செருப்பு. பனியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்தூரு அம்மிணி?"

"கோயமுத்தூருங்க. கணபதி."

"இங்க என்ன படிக்கறே?"

ஏரியின் அடிமண்ணைக் குழாய் விட்டு எடுத்து, எந்தக் காலத்தில் என்ன உலோகம் வந்து படிந்தது என்று பார்க்கிறேன் என்றேன். ஒவ்வொரு வருஷத்து மண்ணும் தோசைமேல் தோசையாக அடுக்கியிருக்கும், கீழே போகப் போகப் பழசு என்று விளக்கினேன்.

"ஏனுங், நம்மூர்ல ஏரியே இல்லையாக்கும்? சேறு தோண்டறதுக்கு இத்தன தூரம் வரோணுமா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

எனக்கு வீட்டு ஞாபகமெல்லாம் வரவில்லை. புளிசாதத்தில் காரம் தூக்கல். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

அக்டோபர் 9, புதன்

ஆய்வுக்கூடத்தில் இன்னொரு தமிழ் ஆள் இருக்கிறார் என்று இன்றுதான் தெரிந்தது. நிரோஜன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவர் பிறந்ததே இங்கே. ஒரு மாதமாக எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று நான் போனில் அப்பாவிடம் கத்துவதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் தமிழே? ஏன் முதலே சொல்லேல்லை?" என்கிறார். மேகலா என்ற பேரை வைத்துக்கொண்டு வேறு என்னவாக இருப்பேன்!

வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போய் மண் எடுக்கிறோம் என்று ரெகுலா அறிவித்துவிட்டார். வெள்ளி ஆயுத பூஜை. அன்று எந்த ஆயுதத்தையும் எடுத்து வேலை செய்யக் கூடாது என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. நிரோஜனிடம் மட்டும் சொன்னேன், மண் எடுக்கும் குழாய்க்கு ஒரு பொட்டாவது வைக்க வேண்டும் என்றும்.

அக்டோபர் 11, வெள்ளி

மழை. காற்று. ஏரிப் பயணம் திங்களுக்குத் தள்ளிப்போனது. நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

காலையில் அப்பா கூப்பிட்டார். பின்னால் பட்டறையில் பூஜை மணி கேட்டது.

"லேத்துக்குப் பொட்டு வெச்சாச்சு கண்ணு, டிரில்லிங் மிசினுக்கும் வெச்சாச்சு. உன்ற பழைய சைக்கிளக்கூடத் தொடச்சு வெச்சுட்டேன். அங்க உங்காபீசுல மிசினுக்கெல்லாம் பூசை போடறாங்களா?"

"இங்கெல்லாம் அதெல்லாம் இல்லீங்ப்பா."

"அப்பறம் எப்படி ஓடுது?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

எனக்குச் சாமி பக்தி பெரிதாகக் கிடையாது. ஆனால் பிறந்ததிலிருந்து இந்த ஒருநாள் எந்தக் கருவியையும் வெறும் நெற்றியோடு பார்த்ததில்லை. கொட்டகையில் மண் எடுக்கும் குழாய் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. எஃகுத் தலை, அதன்மேல் எடைக்கட்டி. பார்க்கவே பாவமாக இருந்தது.

நிரோஜன் வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் குங்குமமும் கொஞ்சம் சந்தனமும் கொண்டுவந்திருந்தார். "அம்மா தந்துவிட்டவ. என்னத்துக்கு எண்டு கேட்டவ. குழாய்க்குப் பொட்டு வைக்கவாம் எண்டனான். சிரிச்சுப்போட்டு, வடிவா வைக்கச் சொல்லு எண்டவ."

குழாயின் தலையில், எடைக்கட்டியின் நடுவில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். உள்ளே சுத்த அறையில் இருக்கும் அளவைக் கருவியின் பக்கம்கூடப் போகவில்லை. அந்த அளவுக்கு மூளை இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

மிதவையில் ஏரி நடுவுக்குப் போய்க் குழாயை இறக்கினோம். விரல் விறைத்துவிட்டது. முதல் குழாய் பாதியிலேயே நழுவிச் சேறு கொட்டிவிட்டது. இரண்டாவது முழுசாக வந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் கறுப்பும் சாம்பலுமாக வரிவரியாய், அவ்வளவு அழகு. ரெகுலா என் தோளைத் தட்டி, "இது உன் மண். உன் முதுநிலைத் திட்டம் முழுவதும் இதுதான். பத்திரம்" என்றார். நிறுவனத்தின் இணையதளத்துக்காக ஒருவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாள் முழுக்க மண் வெட்டினேன்.

நவம்பர் 6, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

என் மண்ணின் ஆழத்தில், இந்தப் பக்கம் தொழிற்சாலை என்ற பேச்சே இல்லாத காலத்து அடுக்கில், ஈயம் எகிறி நிற்கிறது. மேலே பெட்ரோல் புகைக் காலத்து ஈயம் இருக்கும், அது எல்லா ஏரியிலும் உண்டு. இது அது இல்லை. யாரோ எப்போதோ மேலே மலையில் ஈயம் உருக்கியிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ரெகுலா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சுவாரசியம்" என்றார். இங்கே "சுவாரசியம்" என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். பரவாயில்லை. நம்ப வைக்கிறேன்.

நவம்பர் 11, திங்கள்

ரெகுலா தன் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் இணையதளத்துக்கு எடுத்த படம். மிதவை, ஏரி, பல்லைக் காட்டும் நான், குழாய். அதன் தலையில் செக்கச்செவேல் என்று பொட்டு.

"இது என்ன?"

சொன்னேன். ஆயுத பூஜையைப் பற்றி, அப்பாவின் லேத் பட்டறையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதுதான் இன்னும் கடுப்பு. பிறகு திரையைத் திருப்பி ஒரு செய்தியைக் காட்டினார். இந்தியச் சிவப்புத் தூளில் ஈயம்.

"ஈயத்தை அளக்கும் ஆய்வுக்கூடத்தில், ஈயம் இருக்கக்கூடிய தூளை, மண் எடுக்கும் கருவியில் பூசியிருக்கிறாய். இப்போது உன் மண்ணில் ஈயம் இருக்கிறது. நான் என்ன நினைக்க வேண்டும்?"

அது வடக்கே வகிட்டில் வைக்கும் செந்தூரம், எங்கள் குங்குமம் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து செய்வது, அதில் ஈயம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

"உனக்குத் தெரியுமா, அல்லது நினைக்கிறாயா?" என்றார்.

இந்த மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு யாரோ எடுத்த பழைய அளவுகளை வைத்துக் கணினியில் ஒரு கணக்குப் போடு என்கிறார். வசந்தத்துக்கு முன் ஏரிக்கு மறுபடி போக முடியாது. அதற்குள் என் திட்டக் காலமே முடிந்துவிடும். ஆக, என் கண்டுபிடிப்பு குப்பைக்கு.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயால் பேராசிரியரிடம் "முடியாது" என்று சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிட்டே சொன்னேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நாள் முழுவதும் சண்டை போட வாதங்களைச் சேர்த்தேன். பொட்டு இருந்தது குழாயின் உச்சியில். அங்கிருந்து கரைந்திருந்தால் மண் நெடுக, அதுவும் மேல்பக்கம்தான் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு அடுக்கை மட்டும் தேடிப்போய் உட்காராது. வெட்டும்போது ஓரத்தையெல்லாம் சீவி எறிந்துவிட்டுத்தான் உள்மண்ணை எடுத்தேன்.

ரெகுலா ஒப்புக்கொண்டார், பாதி. "நல்ல வாதம். ஆனால் வாதம்தான். வெட்டிய கையில் என்ன ஒட்டியிருந்தது என்று உனக்கே தெரியாது. சோதனை செய்து காட்டு. மாத முடிவில் அளவைக் கருவி உனக்குக் கிடைக்கும்."

ஈயத்துக்கும் ஊர் உண்டு. எந்தச் சுரங்கத்து ஈயமோ, அதற்கென்று ஒரு கலவை விகிதம் இருக்கும், அதை யாராலும் மாற்ற முடியாது. குங்குமத்தையும் என் மண்ணையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஊரா இல்லையா என்று தெரிந்துவிடும். குங்குமத்தில் ஈயமே இருக்காது, அது வேறு விஷயம். நிரோஜனிடம் சொன்னேன்: "உங்க அம்மா குங்குமத்துல ஒண்ணும் இருக்காது, பாருங்க. ரெகுலா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மட்டும் பாருங்க."

"ஓம்" என்றார். அவர் முகத்தில் என் உற்சாகம் இல்லை.

நவம்பர் 16, சனி

ஊர் சுற்றப் போனேன்.

ரெகுலா நேற்று நடையில் நிறுத்தி, "இந்த நேரத்தில் மலைக்கா? இந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார். ஆமாம், மலைக்குத்தான் என்றேன். தப்புச் செய்தவள் மாதிரி மேசையடியில் ஒளிந்துகொள்ள நான் தப்பு எதுவும் செய்யவில்லை.

எங்கள் ஏரியில் வந்து விழும் ஓடையைப் பிடித்து மேலே போனால் ஒரு அருவி இருக்கிறது என்று நிரோஜன் சொன்னார். ஓடை ஏரிக்கு வருவதால்தான் போனேன், ஆய்வு விஷயமாக. அவர் கொண்டுவந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் ஆய்வில் சேராது, ஆனால் நன்றாக இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் இவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்களாம். திறக்காமல் இருப்பதே நல்லது என்று ஆசிரியர்களும் சொன்னார்களாம், அதனால் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாராம். "பயந்தனான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் விலாசம் கேட்டேன்.

அருவி சுமார்தான். குற்றாலத்தில் பாதி இல்லை. பக்கத்தில் அதைப் பற்றி ஒரு பெரிய பலகை. திரும்பும்போது பாதை சரிந்த இடத்தில் நிரோஜன் வழுக்கி விழுந்தார். தூக்கிவிடக் குனிந்தால், பாசிக்கடியில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு கல். இன்னொன்று. ஒரு மேடே இருந்தது, மேலே மரங்கள் வளர்ந்து மூடிவிட்டன.

கல் இல்லை. கசடு. உலோகம் உருக்கும்போது மேலே மிதக்கிற கழிவு, ஆறினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே குமிழி ஓட்டைகள் இருக்கும். கணபதியில் வார்ப்படப் பட்டறைகளின் பின்னால் இதைக் கொட்டித்தான் பாதை போட்டிருப்பார்கள். என் முழங்காலில் இருக்கும் தழும்பு அந்தப் பாதையில் விழுந்ததுதான். இது அதைவிடக் கனம். இரண்டு துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நிரோஜன், இங்க யாரோ பட்டறை போட்டிருக்காங்க!" என்று கத்தினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அடிபட்டிருக்கு, அதை ஒருக்காப் பாப்பமே?" என்றார்.

பார்த்தேன். சிராய்ப்புதான்.

நவம்பர் 20, புதன்

கருவிக்குக் காத்திருக்கிறேன். அப்பா கூப்பிட்டார். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன். "குரல் ஒரு மாதிரி இருக்குது கண்ணு" என்றார். குளிர் என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

மூன்றையும் அளந்தாயிற்று. குங்குமம், கசடு, என் மண்ணின் அந்த அடுக்கு.

கசடும் மண்ணும் ஒரே ஊர். கோடு மேல் கோடு வைத்த மாதிரி உட்கார்ந்தன. குங்குமம் வேறு ஊர், எங்கோ தள்ளி நிற்கிறது. என் மண் சுத்தம். நான் சொன்னது சரி. மலையில் உருக்கியிருக்கிறார்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாததை நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

குங்குமத்தில் ஈயம் இருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை. திரும்பவும் அளந்தேன், கைபட்டு ஏதாவது ஆகியிருக்கும் என்று புதிதாக எடுத்துக் கரைத்தும் அளந்தேன். அதே.

மஞ்சளும் சுண்ணாம்பும் என்று ரெகுலாவிடம் கத்தியிருக்கிறேன். எனக்குத் தெரியாது, நினைத்திருக்கிறேன். சரி, அதையும் அவரிடம் நானே சொல்வேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது அவரிடம் இல்லை. அதே குங்குமத்தை ஒரு அம்மா தினமும் நெற்றிக்கு வைத்துக்கொள்கிறார். நிரோஜன் கருவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போய்க் கையைக் கழுவினார், திரும்ப வந்து மறுபடி கழுவினார்.

நவம்பர் 30, சனி

நிரோஜன் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மாவை ஞானம் அன்ரி என்று கூப்பிடச் சொன்னார்கள். இடியப்பம், சொதி, மூன்று கறி. சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்ல விடவில்லை.

சொன்னேன். அன்ரி தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு இதைத்தான் வைக்கிறன் பிள்ளை. இவனை வயித்தில வச்சிருக்கேக்கையும் இதுதான்."

பிறகு எழுந்து குழாயடிக்குப் போய் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வெறும் நெற்றியோடு திரும்பி வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை காரம் என்று எழுத மாட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்ரிக்குக் கோபம் வந்தது.

"நீங்கள் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறியள்? நீங்கள் பொட்டு வைக்காட்டி இது ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்? இதே டப்பாவைத்தான் எங்கட ஆக்கள் எல்லாரும் வாங்கீனம். எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ. மறைக்க வேண்டாம்."

ரயிலடி வரைக்கும் நிரோஜன் வந்தார். "நீர் பயப்படாதையும்" என்றார். இவ்வளவு நாள் "நீங்கள்"தான். யாழ்ப்பாணத்தில் "நீர்" என்றால் மரியாதை கூடுதலா குறைவா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். அவசரமில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ரெகுலா முடிவுகளை வரி வரியாகப் பார்த்தார். எழுந்து வந்து கைகொடுத்தார். "நான் தவறாக நினைத்தேன். உன் மண் உன்னுடையது. அருமையான வேலை" என்றார். இப்படி ஒப்புக்கொள்கிற பேராசிரியரை நான் ஊரில் பார்த்ததில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். குங்குமத்தைப் பற்றி நான் சொன்னதுதான் தவறு, அதில் ஈயம் இருக்கிறது என்று நானும் சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு என் அறிக்கையை எடுத்து ஒரு பத்தியைப் பென்சிலால் சுற்றினார். கருவிக்குப் பொட்டு வைத்ததையும், குங்குமத்தில் அளந்த ஈயத்தையும் சொல்லும் பத்தி.

"இதை எடுத்துவிடலாம். 'வெளியிலிருந்து மாசு கலந்திருக்கும் வாய்ப்புச் சோதித்து விலக்கப்பட்டது' என்று ஒரே வரி போதும்."

"ஏன்?"

"பதின்மூன்றாம் தேதி வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். நீ கண்டுபிடித்ததைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பொட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சிரிப்பார்கள், மேகலா. உன்னைப் பார்த்தும் இந்த ஆய்வுக்கூடத்தைப் பார்த்தும். உன் நல்லதுக்குச் சொல்கிறேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். அது எனக்குப் புரிந்தது. நிரோஜனைச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதே என்று சொன்னவர்களும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்கள்.

"பொட்டு வைத்தது என் தவறு. தவறை மறைத்து எழுதினால் அது ஆய்வா?" என்று கேட்டேன். "அது மட்டுமில்லை. அந்தத் தூளில் இருக்கும் ஈயத்தை அளந்தவள் நான். அளந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக முடியாது."

கொஞ்ச நேரம் பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பத்தி இருந்தால் கேள்வி வரும்போது நான் குறுக்கே வர மாட்டேன். நீயேதான் பதில் சொல்ல வேண்டும்."

"சரி, ரெகுலா."

டிசம்பர் 13, வெள்ளி

அறை நிறைந்திருந்தது. மண்ணைப் பற்றிப் பேசும்வரை நன்றாகப் போனது. கசடு மேட்டின் படத்தைக் காட்டியபோது வெளித் தேர்வாளர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர், வெள்ளைத் தாடி.

பிறகு அந்தப் படத்தைப் போட்டேன். மிதவை, குழாய், பொட்டு. எங்கள் ஊரில் கருவிகளுக்கு வருஷத்தில் ஒருநாள் இப்படிச் செய்வோம், நான் செய்தேன், உலோகம் அளக்கும் இடத்தில் செய்திருக்கக் கூடாது என்று சொன்னேன்.

முதலில் பின்னாலிருந்து ஒரு மாணவன் சிரித்தான். அப்புறம் நாலைந்து பேர். தேர்வாளரும் சிரித்தார், கெட்ட எண்ணத்தோடு இல்லை. "அப்படியானால் கருவி நன்றாக வேலை செய்ததற்கு அதுதான் காரணமா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. ரெகுலா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் குறுக்கே வரவில்லை.

ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஓடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றேன். "ஆனால் இந்தத் தூளில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது அடுத்த படத்தில் இருக்கிறது. இது இந்த நகரத்துக் கடையில் விற்கிறது. பெண்கள் தினமும் நெற்றியில் வைக்கிறார்கள், கர்ப்பமாக இருக்கும்போதும் வைக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் இதை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இந்த டப்பாவை எனக்குக் கொடுத்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது. நேற்று முடிவு வந்தது. சொல்லச் சொல்லி அவர்தான் என்னை அனுப்பினார்."

எல்லோரும் திரும்பினார்கள். ஞானம் அன்ரி பட்டுச் சேலையில், வெறும் நெற்றியோடு, நிரோஜனுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பேசியது ஆங்கிலம், அவருக்கு முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் நேருக்கு நேர் பார்த்தார், ஒருவரையும் விடவில்லை. கடைசியில் தேர்வாளர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிக்க வேண்டும். அடுத்த படத்தைக் காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன்.